ஏழாவது பெட்டி

புனே
8 ஜனவரி 2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பிரீத்திகா வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் முருகேஸ்வரி பெரியம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? பெரியம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? உங்களுக்குக் காது கேட்காததால் போன் பேச வழியில்லை. வாட்ஸப்பில் எழுதினால் அதைக் கடிதக் கணக்கிலேயே சேர்க்க மாட்டீர்கள் என்று பெரியம்மா சொன்னார்கள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இப்போதுதான் தமிழில் பேனா பிடிக்கிறேன். பிழை இருந்தால் சிரித்துவிட்டு வாசியுங்கள்.

அப்பா இறந்து பதினைந்து மாதம் ஆகிவிட்டது. மும்பையில் அவர் வீட்டைக் காலி செய்த நண்பர் ஒரு நோட்டை எனக்கு அனுப்பினார். அதில் ஒரு பக்கத்தில் ‘சிவகாசி டேப்புகள், 1996, அண்ணன் பிரஸ் கோடவுன்’ என்று எழுதி, ஒன்றிலிருந்து ஒன்பது வரை நம்பர் போட்டிருக்கிறார். ஒன்றுகூட வெளியில் வந்த பாட்டு இல்லை. ஏழாம் நம்பருக்கு நேரே ‘பாப்பாவுக்கு’ என்று இருக்கிறது.

பாப்பா நான்தான் பெரியப்பா. அப்போது எனக்கு இரண்டு வயது. அந்த வருடம்தான் அவர் எங்களை விட்டுப் போனார்.

தனுஷ்கோடி என்று அப்பா பெயரைச் சொன்னால் ராக் இசை கேட்கிறவர்கள் எல்லோரும் கையைத் தூக்கிக் காற்றில் கிட்டார் வாசித்துக் காட்டுகிறார்கள். எனக்கு அவர் பேசி ஒரு வார்த்தைகூட நினைவில்லை. பதினேழு வயதில் பெங்களூரில் ஒரு கச்சேரி முடிந்ததும் வரிசையில் நின்று கையெழுத்து வாங்கினேன். நிமிர்ந்து பார்க்காமல் போட்டுக் கொடுத்தார். நானும் யாரென்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அந்த டேப்புகள் உங்களிடம் இருக்கின்றனவா? ஏழாவது மட்டும் கிடைத்தால்கூடப் போதும்.

என்றும் அன்புடன்,
பிரீத்திகா


சிவகாசி
17 ஜனவரி 2024

பிரியமுள்ள மகள் பிரீத்திகாவுக்குப் பெரியப்பா லட்சுமிகாந்தம் எழுதிக்கொண்டது.

இங்கே நாங்கள் சுகம். உன் பெரியம்மாவின் முழங்கால் வலி குறையவில்லை, அவள் கோபமும் குறையவில்லை. உன் தாயார் ஞானசுந்தரியையும் கேட்டதாகச் சொல். உன் கையெழுத்தில் பிழை மூன்றே மூன்றுதான். எங்கள் கம்பெனியில் ப்ரூப் பார்க்கிறவர் இதைவிட அதிகம் விடுகிறார்.

உன் கடிதம் வந்த மறுநிமிடம் கோடவுனுக்குப் போனேன். கழிவுத்தாள் கட்டுகளுக்குப் பின்னால், பரணில், அந்தத் தகரப் பெட்டி இருக்கிறது! உள்ளே ஒன்பது அட்டைப் பெட்டிகளும் நம்பர் வரிசை மாறாமல் இருக்கின்றன. எல்லாவற்றின்மேலும் என் தம்பியின் கோணல் எழுத்து. தூக்கிப் பார்த்தேன், கனம் கனமாக இருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது அம்மா. உடனே உனக்குச் சொல்ல வேண்டும் என்று திறந்துகூடப் பார்க்காமல் கணக்குப்பிள்ளை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தபால் எடுக்கும் நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

இனி நீ கவலைப்படாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

ஆசிகளுடன்,
பெரியப்பா


புனே
25 ஜனவரி 2024

அன்புள்ள பெரியப்பா,

நான் நலம். நலம் என்ற வார்த்தையை இத்தனை நாள் சும்மா எழுதிக்கொண்டிருந்தேன் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. உங்கள் கடிதத்தை ஆபீஸ் படிக்கட்டில் நின்று வாசித்தேன். மேலே ஏறத் தோன்றாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மும்பையில் பழைய டேப்புகளை மீட்டெடுக்கும் ஸ்டூடியோ ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிற பிரபாகரன் என்பவரிடம் பேசினேன். அப்பாவின் ரசிகர். பெட்டிகளை வெயிலில் வைக்க வேண்டாம், சுற்றியிருப்பதைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். பஞ்சு வைத்துக் கட்டி கூரியரில் அனுப்புங்கள், பெரியப்பா.

அம்மாவிடம் சொன்னேன். “அந்த மனுசன் எனக்கு ஒண்ணும் சொல்லாமப் போனார். உனக்காவது சொல்லிட்டுப் போயிருக்காரே” என்றார்.

பெரியம்மாவுக்கு என் முத்தங்கள்.

காத்திருக்கும்,
பிரீத்திகா


சிவகாசி
16 மார்ச் 2024

அன்பு மகள் பிரீத்திகாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? எங்களுக்கும் ஒன்றுமில்லை. பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். நீ போட்ட இரண்டு கார்டுகளும் வந்தன.

சீசன் ஆர்டர் நெருக்குகிறது. ஒருத்தர் பட்டாசுப் பெட்டி லேபிளுக்கு மயில் கேட்கிறார். அடுத்தவர் அதே மயிலை வேறு நிறத்தில் கேட்கிறார். மூன்றாமவர் வந்து, “அண்ணாச்சி, மயிலு வேண்டாம், ஆனா மயிலு மாதிரி ஒண்ணு போடுங்க” என்று சீட்டில் எழுதிக் காட்டுகிறார். என்னத்தைச் சொல்ல.

கூரியர்காரனிடம் கேட்டேன். சிவகாசிப் பார்சல் என்றாலே அவனுக்கு உள்ளே வெடி இருக்குமோ என்று சந்தேகம். பிரித்துக் காட்டச் சொல்வான். அதனால் அனுப்பவில்லை.

இன்னொன்றும் யோசித்தேன். இருபத்தெட்டு வருடம் ஆகிறது. இந்த ஊர்ச் சூட்டில் டேப்பில் என்ன மிஞ்சியிருக்கும்? போட்டுப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை என்றால் உனக்குத்தான் கஷ்டம். அவன் பாட்டுகள்தான் உலகம் பூராவும் கிடைக்கின்றனவே. ஏதோ தோன்றியதைச் சொன்னேன்.

பெரியம்மா உன்னைக் கல்யாணம் எப்போது என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

ஆசிகளுடன்,
பெரியப்பா


புனே
23 மார்ச் 2024

அன்புள்ள பெரியப்பா,

இங்கே எல்லோரும் நலம். பெரியம்மாவிடம் கல்யாணம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

டேப் கெட்டுப்போயிருக்குமோ என்று பயப்பட வேண்டாம். முப்பது வருடத்து டேப்பையும் மிதமான சூட்டில் உலர்த்தி ஒருமுறை ஓட்டிவிடலாம் என்கிறார் பிரபாகரன். அந்த ஒருமுறை எனக்குப் போதும். அவர் பாட்டுகள் உலகம் பூராவும் கிடைக்கின்றன என்கிறீர்கள். அவை உலகத்துக்காக வாசித்தது. எனக்கென்று சொன்னது ஒன்று இருக்கிறது, அது ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கிறது என்று தெரிந்த பிறகு எப்படிச் சும்மா இருப்பேன்?

அனுப்ப வேண்டாம். மே மாதம் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். பதினோராம் தேதி சனிக்கிழமை.

ஒரு உதவி மட்டும். ஏழாவது பெட்டியின்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு அப்படியே எழுதி அனுப்புங்கள். அதுவரை அதை வாசித்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
பிரீத்திகா


சிவகாசி
6 ஏப்ரல் 2024

மகள் பிரீத்திகாவுக்கு,

நலம், நலமறிய ஆசை. நீ கேட்டபடி பெட்டியைப் பார்த்து எழுதுகிறேன்.

‘7. பாப்பாவுக்கு. 11.5.96. மொத்தம் 22 நிமிடம். முதல் நாலு நிமிடம் பேச்சு. அப்புறம் தாலாட்டு மாதிரி ஒன்று, பெயர் வைக்கவில்லை.’

இவ்வளவுதான் இருக்கிறது. இதை எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

அந்தக் கோடவுனை உன் அப்பன் ஏன் பிடித்தான் என்றால், நாலு பக்கமும் காகிதக் கட்டு அடுக்கினால் வெளிச்சத்தம் ஒன்றும் உள்ளே வராது. அம்மன் கோவில் சித்திரைப் பொங்கலுக்குப் பிரஸ் அடைப்பு, மெஷின் சத்தமும் இல்லை. “பம்பாய்ல லட்ச லட்சமாச் செலவழிச்சு ஸ்டூடியோ கட்டுறாங்க, அண்ணே. நீ கழிவுத்தாள்லயே கட்டிட்ட” என்று சிரித்தான்.

மே மாதம் இங்கே அக்கினி வெயில். நீ தாங்க மாட்டாய். தீபாவளி கழித்து வந்தால் நிதானமாக இருக்கலாம். நான் சொல்வதைக் கேள்.

பெரியப்பா


விருதுநகர் ரயில் நிலையத்திலிருந்து
12 மே 2024

பெரியப்பாவுக்கு,

நேற்று உங்கள் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டேன். பெரியம்மா தலை சீவிவிட்டார்கள். அதற்கெல்லாம் நன்றி. ரயில் இரண்டு மணி நேரம் தாமதம் என்று போர்டு போட்டிருக்கிறார்கள், அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

முதல் பெட்டியைத் திறந்தேன். வெறும் இரும்புச் சக்கரம். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதைத் திறந்ததும் உங்களைப் பார்த்தேன். நீங்கள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஏழாவதைக் கடைசியில்தான் திறந்தேன். “கோடவுன்ல வேலை பாத்த எவனோ உருவிட்டுப் போயிட்டான் தாயி, எனக்கு ஒண்ணுமே தெரியாது” என்றீர்கள். நான் நம்பினேன். உங்கள் கையைப் பிடித்து, பரவாயில்லை பெரியப்பா என்று எழுதிக்கூடக் காட்டினேன்.

இன்று காலை பஸ் ஏற்றிவிட வந்த பெரியம்மா, “விருதுநகரத் தாண்டிக் கொஞ்ச தூரந்தான். மல்லாங்கிணத்துல எறங்கி நம்ம காட்டைப் பாக்குற உக்கிரபாண்டியப் பாத்துட்டுப் போ” என்றார்கள். எதற்கு என்று கேட்டேன். பஸ் வந்துவிட்டது என்று என்னை ஏற்றிவிட்டார்கள்.

நான் தனுஷ்கோடி மகள் என்று தெரிந்ததும் உக்கிரபாண்டி ஓடிப்போய் இளநீர் வெட்டினார். டேப்பைப் பற்றிக் கேட்டேன். மனுசருக்கு முகமெல்லாம் சந்தோஷம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அதை ஏன் கேக்கீக தாயி! அந்த வருசம் மக்காச்சோளத்துல அம்புட்டுக் கிளி. மொதலாளியே அந்தத் தகரப் பொட்டியக் கொண்டாந்து எறக்கி, இதை உருவிக் கட்டுலேன்னாக. நாலு ஏக்கருக்கும் இழுத்துக் கட்டுனோம். காத்தடிச்சா ங்கொய்னு ஒரே பாட்டு. ஒரு கிளி அண்டலையே! மொதலாளிக்கு ஒண்ணு எடுத்தா எடுத்த எடத்துல வைக்கணும். அதான் வெறுஞ்சக்கரத்த நம்பர் பாத்து அந்தந்தப் பொட்டியில வச்சு, பிரஸ்ல கொண்டுபோயி ஏத்திட்டேன்.”

கட்டிய டேப் பிறகு என்ன ஆனது என்று கேட்டேன். அறுப்பு முடிந்ததும் சோளத் தட்டையோடு சேர்த்துக் கொளுத்திவிட்டார்களாம்.

அந்த டேப்பில் என்ன இருந்தது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. நன்றாகக் காவல் காத்திருக்கிறீர்கள் என்றேன்.

நீங்களே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறீர்கள். ஏன் பெரியப்பா?

பிரீத்திகா


சிவகாசி
2 ஜூன் 2024

பிரீத்திகாவுக்கு,

சுகமா என்று கேட்க எனக்கு அருகதை இல்லை.

2007 கார்த்திகையில் எங்கள் அம்மா இறந்தாள். தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். உன் அப்பனுக்காக அவளை ஐஸ் பெட்டியில் இரண்டு நாள் வைத்திருந்தேன். வந்தவர்கள் எல்லோரும், “தம்பி வந்துட்டானா?” என்று என் முகத்துக்கு நேரே வாயசைத்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்புதான், லேபிள் இறக்கப் போன இடத்தில் பட்டாசு ஷெட் வெடித்து என் காது போயிருந்தது. அவர்கள் பேசியது கேட்காவிட்டாலும் கேள்வி புரிந்தது. மூன்றாம் நாள் நானே கொள்ளி வைத்தேன். அவன் வரவில்லை. கச்சேரியில் இருக்கிறான் என்று பேப்பரில் படம் பார்த்தேன்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் அந்தப் பெட்டியை வண்டியில் ஏற்றினேன். என்ன செய்கிறேன் என்று தெரிந்தே செய்தேன். ‘பாப்பாவுக்கு’ என்று எழுதியிருந்ததையும் வாசித்தேன். தாய்க்கே வராதவனுக்கு மகள் என்ன, பாட்டு என்ன என்று நினைத்தேன். உன்னை நினைக்கவில்லை. இதுதான் உண்மை.

ஜனவரியில் பெட்டிகள் வரிசையாக இருந்ததைப் பார்த்ததும், உக்கிரபாண்டி வேறு எதையோ கட்டியிருக்கிறான், கடவுள் என்னைக் காப்பாற்றிவிட்டார் என்று நம்பினேன். அந்தச் சந்தோஷத்தில்தான் உனக்கு எழுதினேன். தபாலில் போட்டுவிட்டு வந்துதான் முதல் பெட்டியைத் திறந்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பயத்தில் எழுதியது. உன் கண் முன்னால் சொன்ன பொய்யும் அதே பயம்தான். உன் பெரியம்மா இருபது நாளாக என்னிடம் பேசவில்லை. சோற்றுத் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

லட்சுமிகாந்தம்


சிவகாசி
18 ஆகஸ்ட் 2024

பிரீத்திகாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். ஜூனிலிருந்து உனக்கு இது நான்காவது கடிதம். பதில் இல்லை. நியாயம்தான்.

கோடவுன், பரண், காட்டு மோட்டார் ரூம், எல்லாம் தேடிவிட்டேன். உக்கிரபாண்டியை ஏணி வைத்து வேப்பமரத்தில் ஏற்றி, கொப்பு கொப்பாகப் பார்க்கச் சொன்னேன். பழைய டேப் துண்டு ஏதாவது சுற்றிக்கொண்டு நிற்குமோ என்று. “பதினேழு வருசம் ஆச்சு மொதலாளி” என்று சாடை காட்டி இறங்கிவிட்டார். எதற்குத் தேடுகிறேன் என்று இப்போது அவருக்கும் தெரியும். அன்றையிலிருந்து அவர் என்னை நிமிர்ந்து பார்ப்பதில்லை, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டது போல. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். பயனில்லை.

ஒரு முழம்கூடக் கிடைக்கவில்லை.

பெரியப்பா


புனே
6 அக்டோபர் 2024

பெரியப்பாவுக்கு,

நான் நலம். பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். உக்கிரபாண்டி மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

உங்களைத் திட்டிப் பல கடிதம் எழுதினேன். ஒன்றையும் அனுப்பவில்லை. திட்டினால் டேப் வராது.

ஒரே ஒரு கேள்வி. இதற்குப் பதில் வந்துவிட்டால் வேறு எதுவும் கேட்க மாட்டேன். 1996 மே பதினொன்றாம் தேதி நீங்கள் அங்கே இருந்தீர்களா? அப்போது உங்களுக்குக் காது கேட்கும். அந்த நாலு நிமிடம் அவர் என்ன பேசினார்? முழுதாக வேண்டாம். நினைவிருக்கிற ஒரு வரி போதும்.

பிரீத்திகா


சிவகாசி
17 அக்டோபர் 2024

மகளே பிரீத்திகா,

உன் கடிதம் எட்டு நாளாகச் சட்டைப் பையில் இருக்கிறது. தீபாவளி லோடு ஏற்றுகிற நேரம், தெருவெல்லாம் லாரி. எனக்கு எதுவும் ஓடவில்லை.

இருந்தேன் அம்மா. கோடவுன் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன், யாரும் வந்து தட்டிவிடக் கூடாது என்று. உள்ளே மெஷினை ஓடவிட்டான். தொண்டையைச் செருமினான். “பாப்பா” என்று கூப்பிட்டான். அவன் குரல் உடைந்திருந்தது.

அந்த ஒரு வார்த்தையோடு நான் எழுந்துவிட்டேன். தகப்பன் மகளிடம் பேசுவதை வெளியே உட்கார்ந்து கேட்பது மரியாதை இல்லை என்று தோன்றியது. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கட்டிங் மெஷின் இருக்கும் இடத்துக்குப் போய்விட்டேன். கிட்டார் சத்தம் லேசாகக் கேட்ட பிறகுதான் திரும்பி வந்தேன். அன்றைக்கு அதைப் பெரிய நாகரிகம் என்று நினைத்தேன். வெளியே வந்தவன் முகம் கழுவிக்கொண்டு, “கேட்டியாண்ணே?” என்றான். இல்லை என்றேன். “நல்லது” என்றான்.

திங்கட்கிழமை உட்கார்ந்து, அவன் சொன்னது போலவே எட்டு வரி எழுதினேன். அவன் பேச்சு எனக்குத் தெரியும், அதனால் நன்றாகவே வந்துவிட்டது. ஐந்து மாதத்துக்குப் பிறகு உன் பெரியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதை வாசித்தாள். வாசித்து அழுதாள். “இதை அனுப்பிருங்க, புள்ள நிம்மதியா இருக்கும்” என்று தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டினாள். கவரில் போட்டு ஒட்டியும்விட்டேன். பிறகு கிழித்துப் போட்டேன். அவன் உனக்குச் சொன்னதை ஒருமுறை நான் அழித்திருக்கிறேன். அந்த இடத்தில் என் பேச்சைக் கொண்டுவந்து வைக்க எனக்கு மனது வரவில்லை. பெரியம்மா மறுபடியும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அதனால் “பாப்பா” என்று கூப்பிட்டது மட்டும்தான் உண்மை. அது அவன் சொன்னது. அதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

இதற்கு நீ பதில் எழுத வேண்டியதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

லட்சுமிகாந்தம்